மேல்பல்லு, கீழுதடு, கொச்சிப் பயணம்

சத்தியமாகச் சொல்கிறேன். பரமசிவன் மலை இருக்கிற திசைக்குக் கையை நீட்டிச் சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் மேல்வரிசைப் பல் மொத்தமும் இந்த நிமிஷமே விழட்டும். அது கழற்றி மாட்டுகிற பல்செட்டுதான். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே?

என் பேர் காசிமாயன். வயசு அறுபத்தெட்டு. வீடு சிலமலையில். குரங்கணிக்கு மேலே சரிவில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். சம்சாரம் பேர் பொன்னுமணி. ஊருக்கெல்லாம் மேலே ஒரு அரசாங்கம்தான். எனக்கு வீட்டுக்குள்ளே இன்னொன்று.

போன தை மாசம் என் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்று ஒரு காகிதம் வந்தது. ரத்தம் என்னுடையது. காகிதம் போனது அவள் கைக்கு. அன்றோடு என் வாழ்க்கையில் பரோட்டா முடிந்தது. காலையில் கேப்பைக் கஞ்சி. மத்தியானம் கேப்பைக் களி. களியும் கஞ்சியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துதான் போடுகிறாள்.

போடிக்குப் போய் எந்தக் கடையில் ஒளிந்து உட்கார்ந்தாலும், இலை விரிக்குமுன்னே அவளுக்குப் போன் போய்விடும். ஒருநாள் பரோட்டா மாஸ்டரே என்னைப் பார்த்துவிட்டு வீசிக்கொண்டிருந்த மாவை அப்படியே நிறுத்தினான். “அய்யா, எந்திரிச்சுருங்க. அக்கா சத்தம் போடுவாக” என்றான். மாவு பாதி வழியில் தொங்கியது. என் உசுரும்தான்.

அந்த நேரத்தில்தான் கொச்சி வந்தது.

எங்கள் சரிவில் ஏலக்காய் போடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. செயலாளர் யோகராஜ், சின்ன வயசுக்காரன், எனக்கு மகன் முறை. கூட்டத்தில் எழுந்து அறிவித்தான்: கொச்சியில் நாலு நாள் கண்காட்சி. வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள். சங்கத்திலிருந்து ஒருத்தர் போய் நம் காயைப் பற்றி இங்கிலீஷில் ஒரு அட்டையை வாசிக்க வேண்டும். பதினைந்தாம் நாள் போடியில் பரீட்சை. யார் வாய் திருத்தமோ அவருக்குச் சீட்டு.

கொச்சி. நாலு நாள். பொன்னுமணியின் போன் எட்டாத பரோட்டாக் கடைகள். வறுத்த மீன். அடைப் பாயசம். என் நாக்கு எழுந்து நின்று கைதட்டியது.

“யோகராஜு, அட்டையைக் கொண்டா!”

அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: “ஃப்ரெஷ் கார்டமம் ஃப்ரம் தி ஹில்ஸ். திக் ஸ்கின். ஜீரோ டஸ்ட். வெரி ஃபைன் ஃப்ளேவர். இட் இஸ் அவர் ப்ளஷர்.”

நான் அந்தக் காலத்துப் பத்தாம் வகுப்பு. நெஞ்சை நிமிர்த்தி வாசித்தேன்.

“பிரசு கார்டமம் பிரம் தி இல்சு. திக்கு சுக்கின்னு. சீரோ டசுட்டு...”

“பெரியப்பா, நிறுத்துங்க” என்றான் யோகராஜ். “காத்தே வரலியே.”

“மின்விசிறியைப் போடு.”

“வாயில வரலிங்கிறேன். தேனியில இருந்து பானுப்பிரியான்னு ஒரு இங்கிலீஷ் டீச்சர் பாடம் எடுத்து அனுப்பியிருக்காங்க. போன்ல பாத்துப் படிங்க.”

என் போனில் படம் ஓடாது. ஜக்கையன் போனில் பார்த்தேன். ஜக்கையன் என் கூட்டாளி. குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். தோட்டத்துக்கு ஆளும் லோடும் ஏற்றிப்போவது அவன் சோலி. என் ரகசியங்களை ஏற்றிப்போவதும் அவன் சோலிதான் என்று அன்றைக்கு நம்பிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து மேட்டில் ஜீப்பை நிறுத்தி இரண்டு பேரும் பாடம் கேட்டோம். டீச்சர் பிள்ளை நன்றாகத்தான் சொன்னது. இதெல்லாம் உரசுகிற ஒலியாம். ‘ப’ சொன்னால் உதடு மூடிக் காற்று வெடிக்கும். ‘ஃப’ சொன்னால் வெடிக்கக் கூடாது. மேல்பல் கீழுதட்டை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சந்து வழியாகக் காற்று உரசிக்கொண்டே வெளியே போக வேண்டும். மேல்பல் நிஜப் பல்லாக இருக்க வேண்டும் என்று மட்டும் அந்தப் பிள்ளை சொல்லவில்லை.

“மாப்ளே, வெரசாச் சொல்லு” என்றான் ஜக்கையன். “டீ ஆறுது.”

மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, “ஃப்...” என்றேன்.

பல்செட்டு பறந்தது. சத்தியம். கொக்கு மாதிரிப் பறந்தது. ஜக்கையன் தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, ஜீப்புக்குள்ளே போய் ஸ்டியரிங்கைக் கவ்விக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. குரங்கணி இறக்கத்தில் ஜக்கையன் என் பல்லைப் பிடித்துத்தான் வண்டியைத் திருப்பினான்.

“நல்ல பிடிமானமா இருக்கு மாப்ளே, இப்படியே விட்ருவமா?” என்றான் பாவி. கீழே வந்து டீக்கடை வெந்நீரை ஊற்றிய பிறகுதான் அது பிடியை விட்டது.

மறுநாள் ‘ஜீரோ’. ‘ஸ்’ சொல்லிக்கொண்டே தொண்டைக்குள் வண்டு முரல வேண்டும், அதுதான் அந்த எழுத்து என்று பாடம். ஏலச்செடி பூத்திருந்த சமயம். செடிகளுக்கு நடுவே நின்று அரைமணி நேரம் முரன்றேன். கண்ணைத் திறந்தால் மலையில் இருக்கிற தேனீ பூராவும் என்னைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுகூடக் கொட்டவில்லை. தலைவர் பேச்சை முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அந்த வருஷம் என் தோட்டத்தில் மட்டும் காய் இரட்டிப்பு. நம்பாதவர்கள் தேனீயைக் கேட்கலாம்.

நாலாம் நாள் மாட்டிக்கொண்டேன். வீட்டுக் கொல்லையில் கண்ணாடி முன்னே நின்று “ஷ்ஷ்ஷ்” என்று பழகிக்கொண்டிருந்தேன். பொன்னுமணியின் ஏழு கோழியும் வேலியைத் தாண்டி ஓடிவிட்டன. பக்கத்து ஊரான தேவாரத்தில் சோளக்காட்டுக்குள் நின்ற யானையும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் போய்விட்டதாகப் பேச்சு. நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் அதைச் சத்தியத்தில் சேர்க்கவில்லை.

“ஏங்க, கோழியை எதுக்கு வெரட்டுறீக?”

“வெரட்டலையே.”

“பெறகு கண்ணாடியைப் பாத்து எதுக்கு உஷ்ஷுங்கிறீக? உங்களை நீங்களே அடக்குறீகளா?”

“மூச்சுப் பயிற்சி. டாக்டரு சொன்னாரு. காத்தைப் பல்லுல உரசி உரசி வெளிய விட்டா, சக்கரையும் கூடவே போயிருமாம்.”

“எந்த டாக்டரு?”

“மதுரை டாக்டரு.”

“மதுரைக்கு எப்பப் போனீக?”

“போன்ல பாத்தேன்.”

“காமிங்க.”

அன்றைக்கு ஜக்கையன் போன் என் பையில் இருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டினேன். பானுப்பிரியா டீச்சர் இரண்டு பல்வரிசைக்கும் நடுவே நாக்கு நுனியை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. ‘திக்’ பாடம் அது.

பொன்னுமணி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பாவம். இந்தச் சின்ன வயசுல இந்தப் புள்ளைக்கும் சக்கரை போல” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “சரி, நானும் செய்றேன். மேடு ஏறுனா எனக்கும்தான் இளைக்குது.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய்யை நம்பிவிட்டாள் என்பது ஒன்று. நான் சொல்வது சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஓர் ஆள் கிடைத்தது இன்னொன்று. என் மூளையை நினைத்து நானே கண்ணாடியில் என் முதுகைத் தட்டப் பார்த்தேன். கை எட்டவில்லை.

அன்றைக்கே வகுப்பை ஆரம்பித்தேன்.

“கையைக் கொண்டா. இங்க, என் தொண்டையில வையி. ‘ஃப்’னா அதிராது. ‘வ்’வுன்னா அதிரும். அதிருதான்னு பாரு.”

வைத்தாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷம். அந்தக் கை போய்ச் சேர நினைத்த இடத்துக்கு அன்றைக்குத்தான் முறைப்படி அனுமதி கிடைத்தது.

“வ்வ்வ்...”

“சரியாத் தெரியலிங்க. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாக்கவா?”

“வ்வ்... விடு... விடுறீ!”

“ஆங். இப்ப அதிருது.”

அடுத்து அவள் முறை. “மேல்பல்லைக் கீழுதட்டுல வச்சு...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் “ஃப்ஃப்ஃப்” என்றாள். சுவரில் தொங்கிய காலண்டரில் மூன்று மாசம் தானாகப் புரண்டது.

“எப்பிடிறீ?”

“இதுக்கு எதுக்குங்க டாக்டரு? சொளகுல காய் போட்டு நான் தினம் ஊதுறதுதான?”

யோசித்துப் பார்த்தேன். காய்ந்த ஏலக்காயைக் கம்பிவலையில் தேய்த்து, சொளகில் போட்டு, உதிர்ந்த காம்பையும் தூசியையும் ஊதித் தள்ளுவது அவளுடைய நாற்பது வருஷச் சோலி. அவள் ஊதினால் காய் அசையாது. தூசி மட்டும் எழுந்து போகும். மேல்பல்லும் கீழுதடும் தன்னால் சேர்ந்து நிற்கும். ‘ஷ்’ கோழிக்கு. ‘ஸ்’ சூடு பட்டால். ‘ஹ’ மேடேறி வந்து உட்கார்ந்தால். ஊசியில் நூல் கோர்க்கும்போது நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வந்து வேடிக்கை பார்க்கும், அது ‘திக்’. நான் பத்தாம் வகுப்பில் தவறவிட்டதை எல்லாம் அவள் அடுப்படியிலேயே வைத்திருந்தாள்.

“ஆனா ப்ளஷர்னு ஒண்ணு இருக்கு, அது வராது உனக்கு” என்றேன் பொறாமையில். “‘ஷ்’ சொல்லும்போதே தொண்டை அதிரணும்.”

“கோழியை வெரட்டிக்கிட்டே உங்களையும் வைய்யணும், அம்புட்டுத்தான?” என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். சுத்தமாக வந்தது.

பத்து நாள் இப்படியே ஓடியது. டாக்டர் குடுத்த மந்திரம் என்று சொல்லி அட்டையில் இருந்த ஐந்து வரியையும் அவளைச் சொல்ல வைத்தேன். அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நான் திருத்திக்கொண்டேன். பல் பறப்பதற்கு மட்டும்தான் வழி தெரியவில்லை. கடைசியில் பல்செட்டில் நூலைக் கட்டி, மறுமுனையைச் சட்டைப் பொத்தானில் முடிந்தேன். பறந்தாலும் வீடு திரும்பும். இப்படி ஒரு ஏற்பாடு யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்.

பரீட்சை நாள் காலையில் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தேன்.

“எங்க கெளம்பிட்டீக?”

“போடிக்கு. பல் டாக்டரைப் பாக்க.”

“மதுரை டாக்டரு, பல் டாக்டரு... உடம்பு பூரா டாக்டரா இருக்கே. பாத்துப் போயிட்டு வாங்க.”

ஜக்கையன் போன் எடுக்கவில்லை. மலைக்கு லோடு ஏற்றப் போயிருப்பான் என்று பஸ்சில் போனேன்.

பரீட்சை ஒரு கல்யாண மண்டபத்தில். முப்பது பேர் இருந்தார்கள். மேடையில் பானுப்பிரியா டீச்சர், பக்கத்தில் பட்டியலோடு யோகராஜ். ஒவ்வொருத்தராக ஏறி வாசித்தார்கள். எல்லாரும் ‘பிரசு’தான். எனக்குக் கொச்சி மீன் வாசம் மண்டபத்துக்குள்ளேயே அடித்தது.

“காசிமாயன் பெரியப்பா வாங்க.”

ஏறினேன். கும்பிட்டேன். மூச்சை இழுத்தேன்.

“ஃப்ரெஷ்...”

பல் பறந்தது. நூல் இழுத்தது. திரும்பி வந்து மூக்கில் அடித்தது. நான் விடவில்லை. “ஃப்ரம்...” மறுபடியும் போய் வந்தது. இந்தத் தடவை டீச்சர் பிள்ளை குனிந்துகொண்டது. “ஃபைன் ஃப்ளேவர்” வரும்போது பல்செட்டு என் நெஞ்சுக்கு முன்னே கோயில் மணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் சொன்ன இங்கிலீஷ் பொக்கை வாய் இங்கிலீஷ். முன்வரிசையில் ஒருத்தர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார்.

போகட்டும், மற்றவர்கள் வாயிலும் காற்று வரவில்லையே என்று தேற்றிக்கொண்டு இறங்கினேன். யோகராஜ் கடைசிப் பேரைக் கூப்பிட்டான்.

“பொன்னுமணி காசிமாயன்.”

நான் பதறி எழுந்தேன். “யோகராஜு, அது தப்பாச் சேந்துருச்சு. அவளுக்குக் காய் பொறுக்குற சோலி இருக்கு. அவ எங்க வரப் போறா?”

“இங்கதான் இருக்கேன்” என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

அரக்குப் பட்டுச்சேலை. தலை நிறையப் பூ. எழுந்து மேடைக்கு நடந்தாள். பக்கத்து நாற்காலியில் ஜக்கையன் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அட துரோகி!” என்றேன், பல்லைப் பையில் வைத்துக்கொண்டு.

“என்ன செய்யச் சொல்ற மாப்ளே? தங்கச்சி வண்டியைக் கொண்டான்னு சொல்லுச்சு. கொண்டாந்தேன்.”

“அவளுக்கு எப்பிடிறா தெரியும்?”

“தோட்டம் அவ அப்பன் குடுத்தது. பட்டாவும் சங்க நோட்டும் அவ பேருல. கூட்டம் நடந்த அன்னைக்கே யோகராஜு அவளுக்குத்தான் போன் போட்டான். பெரியப்பா கொச்சிக்கு ஆசைப்படுறாருன்னு. நீ டாக்டரு கதை சொல்லும்போது அது பழைய சேதி மாப்ளே.”

மேடையில் பொன்னுமணி அட்டையைப் பார்க்கவே இல்லை.

“ஃப்ரெஷ் கார்டமம் ஃப்ரம் தி ஹில்ஸ்.”

காற்று உரசிக்கொண்டு வந்தது. குரங்கணிக் கணவாயில் சாயங்காலம் வருமே, அந்தக் காற்று. ‘ஜீரோ’வில் தேனீ முரன்றது. ‘ப்ளஷர்’ சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். மண்டபம் கைதட்டியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் நானும் தட்டினேன்.

டீச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. “அம்மா, எங்க படிச்சீங்க இதை?”

“வீட்டுல ஒரு மனுசருக்கு வைத்தியம் பாத்தேன் தாயி. அதுல வந்துச்சு” என்றாள்.

கொச்சிச் சீட்டு அவளுக்கே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜீப்பில் நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். சிலமலை எல்லை வந்தபோதுதான் மண்டையில் ஒரு விளக்கு எரிந்தது. அவள் கொச்சிக்குப் போனால் சிலமலையில் யார் இருப்பார்கள்? நான்! நாலு நாள் நான் மட்டும்! கொச்சி எதற்கு? பரோட்டா போடியிலேயே இருக்கிறதே!

அவள் இறங்கி வீட்டுக்குள் போனதும் ஜக்கையன் காதில் சொன்னேன். “வாசல்லயே கொண்டாந்து இறக்கிர்றேன் மாப்ளே. சால்னா தனித் தூக்குல” என்றான். அவனை அந்த இடத்திலேயே மன்னித்தேன்.

அவள் பெட்டியை நானே துடைத்தேன். சேலையை நானே மடித்தேன். புறப்படுகிற காலையில் வியாபாரிகளுக்குக் காட்டுகிற ஏலக்காய்ப் பொட்டலங்களை நானே ஜீப்பில் ஏற்றி, “தைரியமாப் போயிட்டு வா, பொன்னு. என்னைப் பத்திக் கவலையே படாத” என்றேன். குரல் தழுதழுத்தது. சந்தோஷத்தில் தழுதழுத்தது.

“நான் எதுக்குக் கவலைப்படுறேன்? ஏறுங்க” என்றாள்.

“எங்க?”

“பொம்பளை தனியாப் போகணுமா, துணைக்கு ஒரு ஆளு வேணும்னு யோகராஜுகிட்டச் சொன்னேன். சரின்னுட்டான். உங்க சட்டையெல்லாம் பெட்டியில அடியில இருக்கு. வெரசா ஏறுங்க.”

ஏறினேன். ஜக்கையன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

கொச்சி பெரிய ஊர்தான். பெரிய கூடம். வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பொன்னுமணி முன்னே நின்று ஐந்து வரியையும் சொன்னாள். பின்னால் முக்காலியில் உட்கார்ந்து பொட்டலம் எடுத்துக் கொடுத்தவன் நான். என் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. ‘உதவியாளர்’ என்று எழுதியிருந்தது. பல்லைக் கட்டிய நூலே எவ்வளவோ கௌரவம்.

ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. மத்தியானம் ஹோட்டலுக்குப் போனோம். மலையில் பழகிப் பழகி எனக்கு நாலு மலையாளம் தெரியும். பொன்னுமணி கை கழுவப் போன நேரம் பார்த்துச் சப்ளையரைக் கூப்பிட்டேன்.

“சேட்டா, நாலு பொறோட்டா. மீன் வறுத்தது ரெண்டு. பாயசம். வேகம்!”

“சரி சேட்டா” என்றான். தங்கமான பையன். நாற்பது வயசிருக்கும், ஆனால் எனக்கு அன்றைக்குப் பச்சைப் பிள்ளையாகத் தெரிந்தான்.

பொன்னுமணி திரும்பி வந்து உட்கார்ந்தாள். நெற்றியைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சப்ளையர் பக்கம் திரும்பினாள். கண்காட்சிக் கூடத்தில் யாரிடமோ கேட்டு வைத்திருந்த வார்த்தைகள் போல. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து, நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள்:

“நோ ஃப்ரை. நோ ஷுகர். ஹாஃப் ரைஸ் ஃபார் ஹிம்.”

சப்ளையர் இடுப்பை வளைத்து, “யெஸ் மேடம்” என்றான். ஒரு எழுத்து விடாமல் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு.

“சேட்டா, பொறோட்டா...” என்றேன்.

“மேடம் பறஞ்ஞது மனசிலாயி” என்று சொல்லிவிட்டுப் போயே போனான்.

அரைத் தட்டுச் சோறு வந்தது. எதிரே அவளுக்கு, நான் சொன்ன வறுத்த மீன் வந்தது. கொச்சி மீன். முள்ளைக்கூட எனக்குக் காட்டாமல் எடுத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிச் சிரித்துக்கொள்ளுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், காத்துவாக்கில் கேட்டதாகச் சொல்லிவிடுங்கள். என் பேரை இழுக்க வேண்டாம். வெட்கத்தில் இதைக் கேட்கவில்லை. இன்றைக்குக் கஞ்சியில் உப்புப் போடுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.